தொடங்காத கணினி: பழுதின் இடம் காணும் அறிவியல்

வீட்டுக் கணினி ஒன்றின் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் முகப்புப் பக்கம் விரிவதற்கும் இடையே இன்று பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. எனினும் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் மின்வழங்கி, செயலி, நினைவகம், தேக்ககம், இயங்குதளம் என ஒவ்வொன்றும் தன் வேலையை முடித்துப் பொறுப்பை அடுத்ததிடம் ஒப்படைக்கும் நீண்ட வரிசை ஒன்று நடந்தேறுகிறது. இவ்வரிசையையே ‘பூட் ஆதல்’ என்கிறோம். ‘சிஸ்டம் ஆன் ஆகவில்லை’ என்று ஒரே சொற்றொடரில் சொல்லப்படும் புகாருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பழுதுகள் அடங்கியிருப்பதற்கும் இதுவே காரணம். சரவெடியில் திரி நடுவே அணைந்துவிட்டால், எதுவரை வெடித்திருக்கிறது என்று பார்த்துத் திரி அறுந்த இடத்தைச் சிவகாசிச் சிறுவர்களும் சொல்லிவிடுவார்கள். அவ்வாறே கணினி எதுவரை வந்து நின்றது என்பதைக் கவனித்தால், பழுது இருக்கக்கூடிய பகுதியைப் பெருமளவு குறுக்கிவிடலாம். எந்த உறுப்பை மாற்றுவது என்ற கேள்விக்கு முன்னால், வரிசை எங்கே அறுந்தது என்ற கேள்வி கேட்கப்பட வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் இந்த அறிவுக்குத் தனித் தேவை உண்டு. 1920-களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய சிவகாசி, தீப்பெட்டிகளுக்கும் பட்டாசுகளுக்கும் வேண்டிய லேபிள்களை அச்சிடத் தொடங்கி, பின்னர் நாட்காட்டிகளுக்கும் நாட்குறிப்பேடுகளுக்கும் நாடறிந்த ஆஃப்செட் அச்சு மையமாக வளர்ந்தது. ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளிவருகின்றன; அவற்றின் வடிவமைப்பு வேலைகள் அச்சகங்களில் மட்டுமன்றி வீட்டு முன்னறைகளில் இயங்கும் கணினிகளிலும் நடைபெறுகின்றன. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசு சுற்றியும் பிழைத்த குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கணினி வந்து சேர்ந்தது. இக்கணினிகள் வெயிலும் தூசியும் மின்தடையும் நிறைந்த சூழலில் இயங்குகின்றன. அவை நின்றுபோனால் படிப்போ வருமானமோ அன்றே தடைபடுகிறது.

மின்சாரம் வந்து சேரும் வழி

சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைக் கணினியின் எந்தச் சில்லும் நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கிப் பெட்டி அதை முதலில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டமாக மாற்றி, நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்தும் இணைத்தும், சிறிய மின்மாற்றி ஒன்றின் வழியாக 12, 5, 3.3 வோல்ட்டுகளாக இறக்கித் தருகிறது. சுவிட்சைப் போட்டவுடனேயே, கணினி அணைந்திருக்கும் நிலையிலும், 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டுக்குப் போய்ச் சேர்கிறது. முன்பக்கப் பொத்தான் மின்சாரத்தைத் தானே திறந்துவிடுவதில்லை. அது மதர்போர்டுக்கு ஒரு குறிப்பைத் தர, மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்-இலிருந்து வரும் பச்சைக் கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழிறக்கி, முழு மின்சாரத்தைக் கேட்கிறது. மின்னழுத்தங்கள் உரிய அளவை எட்டி நிலைபெற்ற பின், 100 முதல் 500 மில்லி நொடிகளுக்குள், எஸ்எம்பிஎஸ் ‘பவர் குட்’ என்னும் குறிப்பை அனுப்புகிறது. அது வந்து சேரும்வரை செயலி ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை.

எனவே விளக்கும் எரியாமல், காற்றாடியும் சுழலாமல் கணினி கிடந்தால், அது முதல் ஒப்படைப்புக்கு முன்பே நின்றுவிட்டது என்று பொருள். அந்நிலையில் நினைவகமான ராமையோ தேக்ககமான ஹார்டு டிஸ்க்கையோ சந்தேகிப்பதில் பயனில்லை. அதே பிளக்கில் வேறொரு கருவி இயங்குகிறதா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் யூபிஎஸ்ஸும் சரியாக உள்ளனவா, எஸ்எம்பிஎஸ்-இன் பின்புறச் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா, மின்கம்பி இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று சுவரிலிருந்து உள்நோக்கி வரிசையாகப் பார்த்து வருவதே முறை. அதன் பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். மின்தடை வந்து திரும்பியபோது குழம்பிய பாதுகாப்புச் சுற்று இதனாலேயே சீராகிவிடுவது உண்டு. மடிக்கணினியிலும், கழற்றக்கூடிய பேட்டரியையும் அடாப்டரையும் நீக்கிவிட்டு இதே முறையைக் கையாளலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் எவரும் திறக்கக் கூடாது. அதன் முதன்மைக் கெப்பாசிட்டரில் உள்ள உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

காற்றாடி ஓரிரு நொடி சுழன்று நின்றால் நிலைமை வேறு. எங்கோ குறுக்குச் சுற்று ஏற்பட்டு எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது, அல்லது செயலிக்கெனத் தனியாகச் செல்லும் 4 அல்லது 8 முனை இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது வெப்பத்தைத் தாங்காமல் கணினி தானே அணைகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

விருதுநகர் வெயிலில் இம்மூன்றாவது காரணத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அறையே 40 பாகை செல்சியஸை நெருங்கும் கோடையில், தூசி அடைத்த காற்றாடி வெளியேற்ற வேண்டிய வெப்பம் பெட்டிக்குள்ளேயே தங்குகிறது. செயலிக்கும் அதன் வெப்பக் கடத்திக்கும் இடையே பூசப்பட்டிருக்கும் தெர்மல் பேஸ்ட், ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்து கட்டியாகிறது. மின்பகு திரவம் நிரம்பிய கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை உயரும்தோறும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுவியலில் நெடுங்காலமாகக் கையாளப்படும் கணக்கு. இவ்வாறு கெட்டுப்போன கெப்பாசிட்டரைக் கண்ணாலேயே இனங்காணலாம். மதர்போர்டில் செயலியைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் தலைப்பகுதியில் குறுக்காகக் கீறல் போடப்பட்டிருக்கும்; நல்ல நிலையில் அத்தலை தட்டையாக இருக்கும். உள்ளே வாயு சேர்ந்தவுடன் கீறல் வழியே அது உப்பி, சில நேரங்களில் பழுப்பு நிறக் கசிவும் தென்படும். 1999 முதல் ஏறத்தாழ 2007 வரை, குறைபாடுள்ள மின்பகு திரவம் நிரப்பப்பட்ட கெப்பாசிட்டர்களால் உலகெங்கும் ஏராளமான மதர்போர்டுகள் இவ்வாறே செயலிழந்தன.

மின்சாரத்தோடு சேர்த்து எர்த்திங்கையும் கவனிக்க வேண்டும். எர்த் குழியில் புதைக்கப்பட்ட மின்முனை, அதைச் சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும்வரைதான் கசிவு மின்னோட்டத்தை நன்றாகக் கடத்தும். மழை குறைந்த இந்நிலப்பகுதியில், கோடையில் கரிசல் மண் வெடித்துப் பிளந்து முனையை விட்டு விலகும்போது அதன் மின்தடை கூடிவிடுகிறது. கணினிப் பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் மெல்லிய அதிர்வு உணரப்படுவது அதன் வெளிப்பாடாக இருக்கலாம். எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவதும், மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டுப் பிளக்கைச் செருகும் வழக்கத்தைக் கைவிடுவதும், கணினியைக் காப்பதற்கு முன் மனிதரைக் காக்கும் செயல்கள்.

செயலி, நிரல், நினைவகம்

பவர் குட் குறிப்பு வந்ததும் செயலி விழித்தெழுந்து, 4 ஜிகாபைட் எல்லைக்கு 16 பைட்டுகள் கீழே உள்ள ஒரு நிலையான முகவரியிலிருந்து தன் முதல் கட்டளையைப் படிக்கிறது. அந்த முகவரி, மதர்போர்டில் உள்ள ஒரு சிறு ஃபிளாஷ் சில்லைச் சுட்டுகிறது. அச்சில்லில் எழுதப்பட்டிருக்கும் தொடக்க நிரலே பழைய கணினிகளில் பயாஸ் என்றும், புதியவற்றில் யூஇஎஃப்ஐ என்றும் அழைக்கப்படுகிறது. இச்சில் எவ்வளவு இன்றியமையாதது என்பதை 1999 ஏப்ரல் 26 அன்று உலகம் கண்டது. சிஐஹெச் என்னும் வைரஸ் அன்று விழித்து, ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, பல கணினிகளில் பயாஸ் சில்லையும் சிதைத்தது. முதல் கட்டளையே இல்லாமல் போன அக்கணினிகள், மற்ற உறுப்புகள் அனைத்தும் நலமாக இருந்தும் தொடங்க மறுத்தன.

தொடக்க நிரல் செய்யும் முதல் வேலை தற்சோதனை. ராம் எனப்படும் நினைவகம் இருக்கிறதா, எவ்வளவு வேகத்தில் இயங்கும், வரைகலைச் சுற்று பதில் சொல்கிறதா என்று அது வரிசையாகச் சோதிக்கிறது. திரை இன்னும் உயிர் பெறாத கட்டம் என்பதால், குறையைக் கண்டால் எழுத்தால் சொல்ல அதற்கு வழியில்லை. ஆகவே ‘பீப்’ ஒலிகளாலும், புதிய மதர்போர்டுகளில் சிறு விளக்குகளாலும் அறிவிக்கிறது. ஒலிகளின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவார்டு பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் வரைகலை அட்டைக் குறையைக் குறிப்பது நன்கு அறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு. ஆகவே மதர்போர்டின் பெயரையும் ஒலியின் வரிசையையும் குறித்துக்கொண்டால், கையேட்டைப் பார்த்துச் சரியான பொருளை அறியலாம்.

காற்றாடி சுழல்கிறது, ஆனால் ‘டிஸ்பிளே வரவில்லை’ என்னும் புகார் இக்கட்டத்துக்கு உரியது. தனி வரைகலை அட்டை உள்ள கணினியில் மானிட்டர் கேபிள் தவறுதலாக மதர்போர்டின் முனையில் செருகப்பட்டிருந்தால் திரை இருண்டே இருக்கக்கூடும் என்பதால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். அடுத்த சந்தேகம் ராம் மீது விழ வேண்டும். ராம் அட்டையின் ஓரத்தில் வரிசையாக மின்னும் தங்கப்பூச்சுத் தொடுமுனைகள் ஸ்லாட்டுக்குள் இருக்கும் மெல்லிய விற்களைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. தூசியோ ஆக்சைடு படலமோ அவற்றில் ஒன்றை மறைத்தாலும் நினைவகச் சோதனை தோற்றுப்போகும். ராமைக் கழற்றி, உலர்ந்த மெல்லிய துணியால் முனைகளைத் துடைத்து, இருபுறக் கொக்கிகளும் ‘டிக்’ என்று பூட்டும்வரை சமமாக அழுத்திப் பொருத்தினாலே உயிர் பெற்றுவிடும் கணினிகள் பல. இரண்டு அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதன் மூலம் கெட்டது எது என்பதைத் தனியே பிரித்தறியலாம்.

தொடுவதற்கு முன் ஒரு பாதுகாப்பு

ராமைத் தொடும் கை எத்தகைய தீங்கை விளைவிக்கும் என்பதைப் பட்டாசுத் தொழிலின் பாதுகாப்பு நடைமுறையே தெளிவாக விளக்குகிறது. பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறைக்குள் நுழையும் தொழிலாளர், வாசலில் பூமியோடு இணைக்கப்பட்ட உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டே உள்ளே செல்ல வேண்டும். நைலான், பாலியஸ்டர் உடைகளைத் தவிர்த்துப் பருத்தி உடையே உடுத்த வேண்டும். வறண்ட காற்றில் உடையும் உடலும் உரசுவதால் உடலில் சேரும் நிலைமின்சாரம் பல ஆயிரம் வோல்ட் வரை உயரக்கூடும் என்பதும், அது ஒரு பொறியாகப் பாயும்போது வெளிப்படும் சில மில்லி ஜூல் ஆற்றல்கூட உணர்திறன் மிக்க சில கலவைகளைப் பற்றவைக்கக்கூடும் என்பதும் இவ்விதிகளின் அடிப்படை.

அதே இயற்பியல் கணினிக்கும் பொருந்தும். நிலைமின் பொறியை மனித விரல் உணர்வதற்கே ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவைப்படும்போது, நினைவகச் சில்லுகளுக்குள் உள்ள மிக மெல்லிய காப்புப் படலங்கள் அதைவிட மிகக் குறைந்த வோல்ட்டிலேயே துளைபடக்கூடும். பொறி பாய்ந்தது தெரியாமலேயே ஒரு சில் பாதி சேதமடைந்து, சில வாரங்களுக்குப் பின் காரணம் புரியாமல் செயலிழப்பதும் உண்டு. எனவே பிளக்கைப் பிடுங்கிய பின், கணினிப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு உள்ளே கை வைப்பதும், அட்டைகளை ஓரங்களில் மட்டும் பிடிப்பதும், ராமை பிளாஸ்டிக் பையின் மீது வைக்காமல் அது வந்த நிலைமின் தடுப்பு உறையிலோ காகிதத்திலோ வைப்பதும் கட்டாய வழக்கங்களாக வேண்டும். இந்த வட்டாரத்தின் வீடுகளுக்கு மேலும் ஓர் எச்சரிக்கை உண்டு: பழுதான மின்வழங்கியைச் சோதிக்கும்போது பொறி பறக்கக்கூடும் என்பதால், பட்டாசுப் பெட்டிகள் வைக்கப்பட்டிருக்கும் அறையில் அவ்வேலையைச் செய்யவே கூடாது.

தேக்ககமும் ஒரு சிறு பேட்டரியும்

உற்பத்தி நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றிவிட்டால் மின்வழங்கியும் செயலியும் நினைவகமும் வரைகலையும் தேறிவிட்டன என்று பெரும்பாலும் கொள்ளலாம். இனித் தொடக்க நிரல் இயங்குதளத்தைத் தேடிச் செல்கிறது. பழைய முறையில் அது ஹார்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அதன் கடைசி இரண்டு பைட்டுகளில் குறித்த அடையாளம் இருந்தால் மட்டுமே அங்கிருந்து தொடங்கும். புதிய யூஇஎஃப்ஐ முறையில், டிஸ்க்கின் தனிப் பகுதி ஒன்றில் வைக்கப்பட்டிருக்கும் தொடக்கக் கோப்பைத் தேடி எடுக்கும். ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்ற அறிவிப்பு இந்தத் தேடல் தோற்றதையே சொல்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டது என்பது அதன் பல காரணங்களில் ஒன்றுதான்.

யூஎஸ்பியில் மறந்து செருகிவைத்த பென் டிரைவில் கணினி தொடக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். டிஸ்க்கின் சாட்டா கேபிள் தளர்ந்திருக்கலாம். பலரும் எண்ணிப் பார்க்காத காரணம் ஒன்று, மதர்போர்டில் காசளவில் பதிந்திருக்கும் சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் பேட்டரி. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவதும், பல கணினிகளில் தொடக்க அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் இதன் வேலை. நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவிய 2012 போன்ற காலங்களில், காத்திருப்பு மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் இப்பேட்டரியே சுமையைத் தாங்க நேர்ந்தது. அது தீர்ந்தவுடன் அமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்பி, டிஸ்க்கை அணுகும் முறையோ தொடக்க வரிசையோ மாறிவிட, முழு நலத்துடன் இருக்கும் விண்டோஸ் தொடங்க மறுக்கிறது. திரையில் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், குறைந்த விலைப் பேட்டரி ஒன்றை மாற்றி அமைப்புகளைச் சரிசெய்வதே போதுமான மருத்துவம். அதை அறியாதவர் டிஸ்க்கையே மாற்றிவிடுகிறார்.

டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்று ஒரே சீரான ஒலி கேட்டால் மட்டும் நிலைமை கடுமையானது. தகடுகளுக்கு மிக நெருக்கமாக மிதக்கும் படிப்பு முனை தன் இடத்தைக் கண்டறிய முடியாமல் தடுமாறுவதன் ஒலி அது. திரும்பத் திரும்ப ஆன் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் தகட்டின் மேற்பரப்பை மேலும் கீறக்கூடும் என்பதால், உடனே அணைத்துத் தரவு மீட்பு வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இயங்குதளம் தடுக்கி விழும்போது

விண்டோஸ் சின்னம் தோன்றி, வட்டம் சுழன்றபடியே நின்றாலோ நீலத் திரை வந்தாலோ, வன்பொருள் தன் பங்கைப் பெரும்பாலும் முடித்துவிட்டது. குறை மென்பொருளிலோ டிஸ்க்கின் சில பகுதிகளிலோ இருக்க வாய்ப்பு அதிகம். 2024 ஜூலை 19 அன்று நிகழ்ந்தது இக்கட்டத்தின் மிகப்பெரிய எடுத்துக்காட்டு. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான ஒரு சிறு கோப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸ்கள் கையால் எழுதித் தரப்பட்டன. அம்மென்பொருள் இயங்குதளத்தின் கருவோடு சேர்ந்து தொடக்கத்திலேயே ஏறுவதால், கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதே இடத்தில் விழுந்தது. தீர்வோ மிக எளியது: தேவையான அடிப்படை நிரல்களை மட்டும் ஏற்றும் ‘சேஃப் மோடில்’ கணினியைத் தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்கினால் போதும். இலட்சக்கணக்கான இயந்திரங்களில் எந்த உறுப்பும் கெட்டிருக்கவில்லை. எவற்றையும் ‘ஃபார்மட் அடிக்க’ வேண்டிய தேவையும் எழவில்லை.

வீட்டுக் கணினிக்கும் இப்பாடம் அப்படியே பொருந்துகிறது. நேற்றுவரை இயங்கிய கணினியில் கடைசியாக என்ன மாறியது, புதிய மென்பொருள் ஏறியதா, அப்டேட் நடுவே மின்சாரம் போனதா என்று கேட்டு, அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற முயல்வதே முதல் வழி. ஃபார்மட் அடிப்பது தொடக்கக் கோளாறைத் தீர்த்தாலும், பல ஆண்டுகளாகச் சேர்த்த காலண்டர் வடிவங்களும் வாடிக்கையாளர் கோப்புகளும் வேறெங்கும் கிடைக்காத பழைய தமிழ் எழுத்துருக்களும் அதோடு போய்விடக்கூடும். அதற்கு முன், பென் டிரைவிலிருந்தே இயங்கக்கூடிய லினக்ஸ் ஒன்றால் கணினியைத் தொடங்கினால், விண்டோஸ் படுத்துவிட்ட நிலையிலும் டிஸ்க்கில் உள்ள கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம். மறைகுறியாக்கம் செய்யப்பட்ட டிஸ்க்குக்கு மட்டும் மீட்புக் குறியீடு வேண்டும். உபுண்டுவும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விலையின்றிக் கிடைக்கின்றன. கோப்புகள் கைக்கு வந்த பிறகு எந்தச் சோதனையையும் அச்சமின்றிச் செய்யலாம்.

முறையே மருந்து

மேலே கண்ட கட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான விதிகள் இரண்டு. ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தைச் செய்ய வேண்டும் என்பது முதல் விதி. மூன்று உறுப்புகளை ஒன்றாக மாற்றிக் கணினி இயங்கிவிட்டால், எது பழுது என்று தெரியாமலேயே இரண்டு நல்ல உறுப்புகளுக்குப் பணம் செலவாகியிருக்கும். குழம்பினால் மிகக் குறைந்த உறுப்புகளுக்குத் திரும்ப வேண்டும் என்பது இரண்டாவது. எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, செயலி, ஒரே ஒரு ராம், திரை ஆகியவற்றை மட்டும் வைத்துத் தொடங்கிப் பார்த்து, இயங்கினால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துவந்தால், எதைச் சேர்த்தபோது கணினி மீண்டும் நின்றதோ அங்கே பழுது வெளிப்படும். விலையுயர்ந்த கருவிகள் எவையும் இல்லாமல், கவனிப்பாலும் பொறுமையாலும் மட்டுமே நிறைவேறும் அறிவியல் முறை இது.

இம்முறையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் கணினியைச் சீராக்கிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. உப்பிய கெப்பாசிட்டருக்கும் சிதைந்த பயாஸ் சில்லுக்கும் தேர்ந்த கைகள் வேண்டும். ஆனால் ‘ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லும் வாடிக்கையாளருக்கும், ‘காற்றாடி சுழல்கிறது, பீப் ஒலி இல்லை, ஒரு ராமைக் கழற்றினாலும் அப்படியே இருக்கிறது’ என்று சொல்லும் வாடிக்கையாளருக்கும் சர்வீஸ் மையத்தில் கிடைக்கும் விடையும் செலவும் வேறுபடும். நல்ல நிலையில் உள்ள இயந்திரங்கள் பழுதென்று எண்ணி வீசப்பட்டு மின்னணுக் கழிவாகக் குவிவதும் அதனால் குறையும். மாணவர் கையில் மடிக்கணினியைத் தந்த மாநிலத்தில், அது நின்றுபோகும்போது எந்தக் கட்டத்தில் நின்றது என்று படித்தறியும் திறனும் பள்ளிப் பாடத்தில் இடம்பெற வேண்டும்; ஒரு கருவியை உடைமையாகப் பெற்றவர், அதைப் புரிந்துகொள்ளும் உரிமையையும் சேர்த்தே பெற்றாக வேண்டும்.